நூற்று எண்பத்தாறாம் படம் குறித்து

கருவடிக்குப்பம்,
புதன்கிழமை மாலை.

பெருமதிப்புக்குரிய ஜானகிராமன் மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மகள் சுடர்விழி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, தம்பி மூவரும் நலம். நான் நலமா என்பது சனிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் தெரியும். தவளக்குப்பத்தில் நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பக்கத்தில் இருக்கிற ஊருக்குப் போய்க் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். அம்மாவின் போனில் பேசினால் அம்மாவுக்குக் கேட்டுவிடும். அப்பாவின் போனை நான் தொடவே கூடாது என்று உத்தரவு. காரணம் கீழே வருகிறது.

எங்கள் வீட்டில் தாள்கள் எப்படி இறைந்து கிடக்கும் என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் நம் இளஞ்செழியன் ஒரு நாளைக்கு ஆறு படமாவது வரைவான். அவையும் அவனுடைய விடைத்தாள்களும் என்னுடைய சார்ட்டுகளும் கட்டிலுக்கு அடியிலும் பிரிட்ஜ் மேலும் அரிசி டிரம்முக்குப் பின்னாலும் குவிந்து, போன மாதம் அவன் பள்ளிச் சுற்றுலாவுக்கான சம்மதச் சீட்டே காணாமல் போய், மற்ற பிள்ளைகள் எல்லாம் படகில் போக இவன் மட்டும் வீட்டில் உட்கார்ந்து கப்பல் படம் வரைந்து அழுதான். அன்றைக்குத்தான் அம்மா என்னைக் கூப்பிட்டு, "எந்நேரமும் புக்கும் கையுமா இருக்க இல்ல? இனிமே இந்த வூட்டுப் பேப்பருக்கெல்லாம் நீதான் பொறுப்பு. இன்னொரு வாட்டி பேப்பரால பிரச்சனன்னு வந்துச்சு, உன் சார்ட்டு, அவன் படம் எல்லாத்தயும் மூட்ட கட்டி பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுருவேன். ஒரு தாளு மிஞ்சாது" என்று சொல்லிவிட்டார்கள்.

நான் மிகுந்த மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன், மாமா. நூலகத்தில் இருக்கும் அக்கா எப்படிச் செய்கிறார் என்று ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து, துணிக்கடைக் கட்டைப்பை இரண்டு எடுத்து, ஒன்றில் வீட்டிலேயே இருக்க வேண்டியவை, இன்னொன்றில் பள்ளிக்குத் திரும்பப் போக வேண்டியவை என்று பிரித்தேன். அப்பா கையெழுத்துப் போட வேண்டியவற்றுக்கு அம்மாவின் சீர்வரிசைத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். தம்பியின் படம் ஒவ்வொன்றுக்கும் எண், தேதி, தலைப்பு மூன்றும் என் கையாலேயே கீழே எழுதினேன். தலைப்பைப் பற்றித் தம்பி ஒன்றிரண்டு முறை முணுமுணுத்தான். நூலகத்தில் புத்தகத்துக்கு எண் போடுகிறவரிடம் எழுத்தாளர் வந்து சண்டை போடுவாரா என்று கேட்டேன். அடங்கிவிட்டான்.

ஆனால் மாமா, ஏற்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் மனிதர்கள் இருக்கிறார்களே. படங்களுக்கு ஒரு நகல் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் அப்பாவின் போனில் படம் எடுத்து வைத்தேன். தட்டாஞ்சாவடி கம்பெனியில் அப்பாவின் சூப்பர்வைசர் மெஷின் மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்ல, அப்பா அவசரத்தில் தம்பியின் தொண்ணூற்று மூன்றாம் படத்தை அனுப்பிவிட்டார். சூப்பர்வைசர் உடனே அப்பாவைக் கூப்பிட்டு, "ராஜவேலு, இது எந்த மெஷின்யா? இதுக்கு ஏன் வால் இருக்குது?" என்று கேட்டாராம். அதோடு போன் எனக்கு இல்லை என்று ஆயிற்று. அடுத்தது கையெழுத்துத் தட்டு. மூன்றாம் ஷிஃப்ட் முடிந்து காலையில் வரும் அப்பா பாதிக் கண்ணை மூடிக்கொண்டே தட்டில் இருக்கும் எல்லாவற்றிலும் "பார்த்தேன். இன்னும் முயற்சி தேவை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார். விடைத்தாள்களுக்கு அது பொருத்தம்தான். கீழ்வீட்டுக் கமலா அக்கா தன் தங்கையின் கல்யாணப் பத்திரிகையைப் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்த மாதிரித் தாளும் அந்தத் தட்டில் கிடந்தது. மாப்பிள்ளை பெயருக்கு நேர் கீழே எழுதிவிட்டார். கமலா அக்கா மாடிப்படியில் நின்று, "இன்னா சுடரு, மாப்ளய நாங்க பாத்து முடிச்சதுக்கப்புறம் உங்கப்பா மார்க்கு போடுறாரு?" என்று கத்தியது தெருவுக்கே கேட்டது. நல்ல வேளையாக அம்மா கடைக்குப் போயிருந்தார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தம்பியின் நூற்று எண்பத்தாறாம் படத்தில் ஒருவர் நிற்கிறார். பெரிய பூப்போட்ட புடவை. முதுகுப் பக்கம் ஒரு பின்னல். கையில் நீளமான பிரம்பு. வாய் காது வரைக்கும் திறந்திருக்கிறது. பற்களை எண்ணினேன், நாற்பத்தொன்று. எதிரே மூன்று சின்னப் பிள்ளைகள் முகமெல்லாம் தண்ணீர் வழிய நிற்கிறார்கள். பார்த்தவுடனே புரிந்தது. கீழே அழகாக "எங்கள் வகுப்பு மிஸ்" என்று எழுதினேன். அது எப்படியோ தட்டுக்குப் போக, அப்பா "பார்த்தேன். இன்னும் முயற்சி தேவை" என்று எழுத, அங்கிருந்து விடைத்தாள்களோடு சேர்ந்து திங்கட்கிழமை நேராக மிஸ்ஸின் கைக்கே போய்விட்டது. அன்று மாலை தம்பியின் டைரியில், "தந்தை சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரவும்" என்று சிவப்பு மையில் வந்திருந்தது. டைரியைத் தட்டில் வைத்தேன். அப்பா அதையும் படிக்காமல், இன்னும் முயற்சி தேவை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த டைரி திரும்பவும் பள்ளிக்குப் போயிருக்கிறது, மாமா.

அம்மாவுக்குத் தெரிந்தால் இரண்டு பைகளும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். தவறு என்னுடையது, போகப்போவது தம்பியின் இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஏற்கெனவே ஒரு படகை அவன் தவறவிட்டிருக்கிறான். ஆகவே தயவுசெய்து அப்பாவுக்குப் பதிலாக நீங்கள் சனிக்கிழமை வந்து, குழந்தை தெரியாமல் வரைந்துவிட்டான், மிஸ்ஸுக்கு உண்மையில் பற்கள் குறைவுதான் என்று பக்குவமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் பேசினால் கோபமாக இருப்பவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். அம்மாவிடம் மட்டும் மூச்சு விட வேண்டாம்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் உடம்பும் வண்டியும் நல்லபடியாக இருக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
ரா. சுடர்விழி,
எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு.

பி.கு.: மாமா, நீங்கள் வர வேண்டாம். அல்லது அவசியம் வாருங்கள். உறையை ஒட்டப் போகும்போது தம்பி வந்து, மாமாவுக்கு என்ன எழுதினாய் என்று கேட்டான். சொன்னேன். தரையில் உருண்டு சிரித்தான். "யக்கா, அது எங்க மிஸ்ஸே இல்ல. நம்ம ஜானகிராமன் மாமா! பொங்கலுக்கு கரும்பு எடுத்துக்குனு வந்தாரில்ல?" புடவை என்று நான் நினைத்தது உங்கள் கைலியாம். பின்னல், தலையில் கட்டிய துண்டின் முனையாம். வாய் திறந்திருப்பது கரும்பைக் கடிக்க. பிள்ளைகள் முகத்தில் வழிவது கரும்புச் சாறு. "ஏன்டா முன்னாடியே சொல்லல?" என்றேன். "நீ எங்கக்கா கேட்ட?" என்றான். மிஸ் அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு வகுப்பு முழுக்கக் காட்டிச் சிரித்தாராம். படத்தை ஓவியக் கண்காட்சிக்கு அனுப்பப் போகிறார்கள், அதற்குத்தான் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சத்தம் கேட்டு அம்மா வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என் தம்பிய அப்படியே வரஞ்சிருக்கான் போல, பல்லு மட்டும்தான் கொஞ்சம் கம்மி" என்று சொன்னார்கள். பற்களைப் பற்றி நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பைகள் இரண்டும் தப்பித்தன. தலைப்பு வைக்கிற வேலை மட்டும் என்னிடமிருந்து தம்பிக்குப் போய்விட்டது. இப்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து சரிபார்த்துக்கொண்டு வருகிறான். பன்னிரண்டாம் படத்துக்கு "மழையில் நனையும் ஆடு" என்று நான் எழுதியிருந்தேன். அது நான் புத்தகம் படிக்கிற படமாம்.