பதினொன்றுக்குப் பதினொன்று

"திரும்பவும் பதினொண்டுக்குப் பதினொண்டு," என்று பணிப்பெண் புளோறன்ஸ் வாக்குப்பெட்டியான பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துக் காட்டினாள்.

கொட்டாஞ்சேனை முதியோர் இல்லத்தில் உறவினர் சங்கத் தலைவர் தெரிவு. போட்டியிடுவது பிள்ளைகள், வாக்குப் போடுவது இல்லத்திலிருக்கும் இருபத்திரண்டு முதியவர்கள். சரிசமமாக வந்தால் அடுத்த ஞாயிறு மறுவாக்கெடுப்பு. பேதுருவின் மகன் ஹியூபேட்டும் ஐறீனின் மகள் கொன்ஸ்ரன்ஸும் மூன்று ஞாயிறாக முட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஹியூபேட்டுக்கு வயிறு எரிந்தது. இரண்டு தெரு தள்ளியிருந்தும் வருஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் தலைகாட்டாதவள், தேர்தல் என்றதும் இடியப்பமும் சொதியுமாக வந்து நிற்கிறாள். அவனோ வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் ஏறி, வழியெல்லாம் இராணுவத்துக்கு அடையாள அட்டை காட்டி வரவேண்டும். அதையும் பொறுக்கலாம். பெற்ற அப்பாவே அவளுடைய சொதியை விரல் சூப்பிச் சாப்பிட்டதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

நாலாம் ஞாயிறு பெரிய பட்டர் கேக் ஒன்றோடு புறப்பட்டான்.

"மே மொனவத?" என்று, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான் செக்பொயின்ற் சிப்பாய்.

"கேக், மாத்தயா."

சிப்பாய் நம்பவில்லை. கம்பியை எடுத்துப் பதினைந்து இடத்தில் குத்திப் பார்த்தான். இல்லத்துக்கு வந்து சேர்ந்தது தூள்தான்.

"பல்லில்லாத எனக்கெண்டு உதிர்த்துக் கொண்டு வந்திருக்கிறான், நல்ல பிள்ளை," என்றார் நாகேந்திரம். அவருடைய வாக்கு கிடைத்தது.

"சீனி வருத்தக்காரிக்குக் கேக்கோ?" என்றாள் செலீன். அவளுடைய வாக்கு போனது.

பதினொன்றுக்குப் பதினொன்று.

ஐந்தாம் ஞாயிறு செலீனுக்காகச் சீனியில்லாத பிஸ்கட் கொண்டுபோனான். செலீன் திரும்பி வந்தாள். "இந்தக் கல்லை நான் எதால கடிக்கிறது?" என்று நாகேந்திரம் கட்சி மாறினார்.

ஹியூபேட் அப்பாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தான்.

"அப்பா, நீங்க எனக்குத்தானே போட்டனீங்க?"

"ரகசிய வாக்கு மகன்," என்றார் பேதுரு. "அடுத்த ஞாயிறும் வருவாய்தானே?"

"வராமல்? அவளை வெல்ல விடுறதோ?"

பேதுரு எதிர்க்கட்டில் ஐறீனைப் பார்த்தார். ஐறீன் அவசரமாகச் செபமாலையைக் கையிலெடுத்தாள்.

ஆறாம் ஞாயிறும் அதே எண்ணிக்கை. ஹியூபேட் புளோறன்ஸைக் குசினி வாசலில் மறித்தான்.

"எழுத ஏலாத ஆக்களுக்கு நீர்தானே எழுதிக் குடுக்கிறது? எனக்குக் குறையிற அந்த ஒரு வாக்கு ஆரிட்டை இருக்கு? அதை மட்டும் சொல்லும்."

எண்ணி எண்ணி அலுத்துப்போயிருந்த புளோறன்ஸ் டின்னைக் கீழே வைத்தாள்.

"உங்கட அப்பாட்டைத்தான், சேர். அவர்தான் ஒவ்வொரு சனியும் ஆக்களைப் பதினொண்டு பதினொண்டாப் பிரிச்சுவிட்டு, தன்ரயைக் கொன்ஸ்ரன்ஸுக்கு எழுதச் சொல்லுறவர், ஆராவது வெண்டிட்டா நீங்க ரெண்டு பேரும் பிறகு வருஷத்துக்கொருக்கா நத்தாருக்குத்தான் வருவீங்களாம்."