ஐஸ் சாரும் கால் பட்ட பாவமும்

இந்த நியூஜெர்சியில் ஐஸ் மேல் நடனமாடத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆடிக்கொண்டே மன்னிப்புக் கேட்டவர் எங்கள் ஐஸ் சார் ஒருவர்தான்.

நான் எட்டாங்கிளாஸ் பெயில். ஆனால் எங்கள் பிளெய்ன்ஸ்பரோ ஊரில் என் இட்லி மாவு இல்லாத ஃபிரிட்ஜ் ஒன்றைக் காட்டுங்கள், கடையை மூடிவிடுகிறேன். அந்த மாவு வாங்க வந்து பழக்கமானவர் சார். மருந்துக் கம்பெனியில் பெரிய வேலை. மகளை ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்த்தார். இரண்டே வாரத்தில் "டாட், இட்ஸ் போரிங்" என்று மகள் நின்றுவிட்டாள். அப்பா நிற்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் விழுந்து விழுந்து கற்று, பெரியவர்களுக்கான போட்டியில் ஜோடி சேர்ந்து ஆடும் அளவுக்கு வந்துவிட்டார். ஜோடி, ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயரான பார்பரா அம்மாள்.

ஒட்டி நின்று ஆடும் ஆட்டம். கால் காலில் இடிக்கத்தான் செய்யும். இடித்தால் நாம் என்ன செய்வோம்? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். சாரும் அதையே செய்தார், நடுவர்கள் கண்ணெதிரே. பிடித்த கையை விட்டுவிட்டுக் குனிந்து, பார்பராவின் ஷூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி நிமிர்வதற்குள் அந்த அம்மாள் பாதி ஐஸ் தளத்தைத் தாண்டியிருப்பார். பஸ்ஸை விட்ட பிள்ளை மாதிரி சார் பின்னால் ஓடுவார்.

முதல் போட்டியில் கடைசி. இரண்டாவதிலும் கடைசி. மூன்றாவதில் மொத்தமே இரண்டு ஜோடி, அதிலும் கடைசி.

"ஆடறப்ப மட்டும் அதை விட்ருங்களேன் சார்."

"நானா பண்றேன் அண்ணாச்சி? கை தானா போகுது. ஒரு லேடிய மிதிச்சிட்டு, சிரிச்சிக்கிட்டே எப்படிப் போறது?"

இந்த வருடம் பார்பராவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. அதற்கு முன் ஒரே ஒரு போட்டி. அந்த அம்மாள் கழுத்தில் ஒரு மெடலாவது விழ வேண்டுமே என்று சார் சாப்பாட்டைக்கூடக் குறைத்துவிட்டார். என் மாவு விற்பனையே படுத்தது.

படித்தவர்களுக்குத் தோன்றாத யோசனை எனக்குத் தோன்றியது. "எல்லாத்தையும் மனசுல சேத்து வச்சுக்குங்க சார். பாட்டு முடிஞ்சதும் மொத்தமாப் பண்ணிருங்க."

தீபாவளிக்கும் மூடாத கடையை அன்று மூடினேன். என் வேனில்தான் எல்லோரும் போனோம். பாட்டு ஆரம்பித்தது. டக் என்று முதல் இடி. சாரின் கை கீழே போகவில்லை. அடுத்த இடி. உதடு மட்டும் எண்ணியது.

நான்கு ஜோடியில் மூன்றாவது இடம்.

கழுத்தில் மெடல் விழுந்ததும் சார் மேடையிலேயே மண்டியிட்டார். தொட்டார், ஒற்றினார். தொட்டார், ஒற்றினார். கல்யாணத்துக்குக் கேட்கிறார் என்று நினைத்துக் கூட்டமே கை தட்டியது. என் பக்கத்திலிருந்த சாரின் சம்சாரம், "என் கால மிதிச்சா ஒரு சாரிகூட வராது இவர் வாயில" என்றார்.

ஏழு முடிந்து சார் எழுந்தார். "நோ, எய்ட்" என்றார் பார்பரா. கண்ணெல்லாம் தண்ணீர். அவரும் எண்ணியிருக்கிறார். சார் மறுபடி மண்டியிட்டார்.

நான் யார் காலையும் பிடித்து முன்னுக்கு வந்தவன் இல்லை. இது ஊருக்கே தெரியும். அன்று வேனில் ஏறும்போது சாரின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"என்ன அண்ணாச்சி, உங்க கால் என் மேல படவே இல்லையே."

"பட்டுது சார்" என்றேன்.