புல்மேட்டில் ஒரு மங்கல விளக்கு

குழந்தைகள் புல்லில் ஓடலாம் என்பதை மனித குலம் நெடுங்காலமாகவே அறிந்திருந்தது. ஆனால் அதில் 'முறைப்படி' ஓடுவது எப்படி என்று உலகுக்கு முதன்முதலில் எடுத்துக்காட்டிய பெருமை, சீமையில் கோலியர்ஸ் வுட்டைத் தலைமையிடமாகக் கொண்ட வாண்டில் நதிக்கரைத் தமிழர் நலன்புரிக் கழகத்தையே சாரும். ஆண்டு 1992. மாதம் ஆவணி.

இந்த மகத்தான சாதனைக்கு வித்திட்டவள் கழகச் செயலாளர் குலசேகரத்தின் ஏழு வயது மகள் நிரோஜினி. அவள் செய்ததெல்லாம் குதித்ததுதான். துணிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி வீடு. அவள் குதிக்கும்போதெல்லாம் கீழ்வீட்டு மிஸிஸ் பெனட், தும்புத்தடி என்ற நீள விளக்குமாற்றை எடுத்துத் தன் வீட்டு முகட்டை இடிப்பார். பள்ளி விடுமுறை முழுக்க மேலே குதியும் கீழே இடியுமாகப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா, பார்க்கில ஒரு மேடு இருக்கெல்லே? அதில மேலயிருந்து கீழ வரைக்கும் உருளவேணும். ஒருக்கா மட்டும். ப்ளீஸ் அப்பா."

குலசேகரத்துக்குப் பெற்றோல் ஷெட்டில் வேலை. பள்ளி திறப்பதற்குள் ஷிப்ட் இல்லாத ஞாயிறு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். "ஓம் பிள்ளை, அந்த ஞாயிறு நீ உருளுறாய். இது அப்பான்ர சத்தியம்" என்றார். சாதாரணத் தகப்பனாக இருந்தால் அத்தோடு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பான். குலசேகரம் ஒரு செயலாளர். விஷயத்தைக் கழகத்தில் வைத்தார்.

"செலவே இல்லை, அண்ணை" என்றார் தலைவர் அம்பலவாணனிடம். "பார்க் சும்மா. ஒரு பந்து, கொஞ்சம் சான்ட்விச். எங்கடை பிள்ளையள் ஒருநாளைக்கு ஓடி விளையாடட்டும்."

தலைவரின் முகம் கறுத்துவிட்டது.

"சும்மாவோ? சும்மா எண்டால் ஆர் மதிப்பினம்? நாளைக்கு வெஸ்ட் ஈலிங் தமிழ்க் கழகத்து ஆக்கள் எங்களைப் பற்றி என்ன கதைப்பினம்? சொல்லும் பாப்பம்!"

ஆகவே, செலவில்லாத சுற்றுலாவுக்குக் 'கண்ணியம்' சேர்க்கும் பணி தொடங்கியது. ஒலிபெருக்கி சேர்ந்தது. அதற்குக் கார் பேட்டரி சேர்ந்தது. பிரதம விருந்தினராகக் குழந்தை மருத்துவர் ரங்கராஜன் சேர்ந்தார். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை, இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மங்கல விளக்கேற்றல். பந்தைப் பற்றியும் பேச்சு வந்தது. நேரம் போதாமையால் அது 'ஏனையவை' என்ற தலைப்பின் கீழ் ஒத்திவைக்கப்பட்டது.

ஞாயிறும் வந்தது. ஆண்கள் கோட் சூட்டிலும் பெண்கள் பட்டுச் சேலையிலும் பூங்காவுக்குள் நுழைந்தார்கள். பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்பு. வெள்ளையில் புல் ஒட்டினால் போகாது என்பதால் புல்லின் மேல் பாய் விரித்து, பாயின் மேல் அவர்களை இருத்தினார்கள். நேரெதிரே அந்த மேடு பச்சைப் பசேலென்று கிடந்தது. நிரோஜினி ஒரு காலின் சப்பாத்தைக் கழற்றித் தயாராக வைத்துக்கொண்டாள்.

நிகழ்ச்சி நிரல் காற்றுக்கு மட்டும் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. தலைவர் நெருப்புக்குச்சியைத் தட்டினார், அணைந்தது. பெண்கள் சேலைத் தலைப்பால் மறைத்துப் பார்த்தார்கள். தலைப்புதான் தீப்பிடிக்கப் பார்த்தது.

"மாமா, கான் வி ப்ளே நவ்?" என்றான் ஒரு பொடியன்.

"விளக்குக் கொளுத்தேல்லை, விழா தொடங்கேல்லை. பிறகெப்பிடித் தம்பி விளையாடுறது?" என்றார் தலைவர். மறுக்க முடியாத வாதம்.

குலசேகரத்தின் மனைவி சிவகௌரி அவர் காதருகே குனிந்தாள். "விளக்கில்லாமல் விட்டால் என்னப்பா? பிள்ளையள் பாவம்."

"வாயைக் கழுவு. அபசகுனமாக் கதையாதை" என்ற குலசேகரத்துக்கு அந்தக் கணத்தில்தான் ஞானம் பிறந்தது. "பிள்ளையள்! எல்லாரும் பாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வாங்கோ!"

பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். அன்று அவர்கள் ஓடியது அந்த ஒருமுறைதான். விளக்கைச் சுற்றி வட்டமாக நிறுத்தி, ஆளுக்கொரு பக்கமாகப் பாயை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார்கள். காற்று வரும் திசையில் நல்ல உறுதியான பிள்ளையாக வேண்டியிருந்ததால், குலசேகரம் தியாக உணர்வோடு தன் மகளையே அங்கே நிறுத்தினார். விளக்கு எரிந்தது! பெரியவர்கள் கைதட்டினார்கள். பிள்ளைகளுக்குக் கை ஓய்வாக இல்லை. பாயை இறக்கினால் விளக்கு அணைந்துவிடும் என்பதால், விழா முடியும்வரை அப்படியே நிற்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

டாக்டர் ரங்கராஜன் ஒலிவாங்கியைப் பிடித்தார். "நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தைங்களை ஒரே இடத்துல நிக்க வெக்கிறது மகா பாவம்! ஓடணும்! உருளணும்! மண்ணுல புரளணும்!"

மண்டபமாக இருந்திருந்தால் அதிர்ந்திருக்கும், அப்படிக் கைதட்டல்.

"அப்பா, டாக்டர் மாமா உருளச் சொல்லுறார்" என்றது பாய்க்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"பாயை நேராப் பிடி, பிள்ளை."

அப்போது அந்தப் பக்கமாக வந்த பூங்காக் காவலர், பட்டும் கோட்டுமாக வரிசையில் இருந்தவர்களையும், அசையாமல் நிற்கும் பிள்ளைகளையும், நடுவில் எரியும் சுடரையும் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். குலசேகரத்திடம் மெல்லிய குரலில், "இறந்தவர் உங்களுக்கு நெருங்கியவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, இது குழந்தைகளின் உல்லாசச் சுற்றுலா" என்று குலசேகரம் விளக்கினார். காவலர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொள்ளாமலே போய்விட்டார்.

நன்றியுரை குலசேகரத்தினுடையது. மேட்டுக்கு மேலே மேகம் கறுத்திருந்தது. நிரோஜினி பாய்க்கு மேலால் எட்டி அவரையே பார்த்தாள். ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். முடிக்கத்தான் நினைத்தார். ஆனால் பாய் தந்தவரும் பேட்டரி தந்தவரும் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்கு நன்றி சொன்னார். டாக்டருக்கும், டாக்டரின் வராத மனைவிக்கும் சொன்னார். புல்லை வெட்டிய கவுன்சிலுக்கும், வெட்டுப்பட்ட புல்லுக்கும் சொன்னார். "இறுதியாக, எங்கள் எதிர்காலச் செல்வங்களாகிய..." என்றபோது மழை கொட்டியது.

"அப்பா, மேடு?" என்றாள் நிரோஜினி, பஸ் தரிப்பிடத்துக்கு இழுபட்டுக்கொண்டே.

"நனைஞ்ச புல்லிலை உருண்டால் சளி பிடிக்கும், பிள்ளை."

தலைவர் ஈரக் கையால் குலசேகரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "விளக்கை மழைதான் அணைச்சது தம்பி, காத்தில்லை! வெஸ்ட் ஈலிங் ஆக்கள் வந்து பாத்திருக்கவேணும்!" குலசேகரத்துக்கு நெஞ்சுக்குள் ஏதோ குத்தியது. பெருமிதமாக்கும் என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நிரோஜினி முன்னறைக் கம்பளத்தில் படுத்து இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு உருண்டாள். திரும்பவும் உருண்டாள். கீழ்வீட்டு முகட்டில் தும்புத்தடி இடித்தது. குலசேகரம் மன்னிப்புக் கேட்கக் கீழே இறங்கினார்.

மிஸிஸ் பெனட் தும்புத்தடியோடேயே கதவைத் திறந்தார். "குழந்தை மேல் எனக்குக் கோபமில்லை, மிஸ்டர் குலா. கோடை முழுக்க வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தால் அது வேறென்ன செய்யும்? ஒருநாளாவது பார்க்குக்குக் கூட்டிப் போகக் கூடாதா? அங்கே காசா கேட்கிறார்கள்?"

"அங்கேயிருந்துதான் வருகிறோம்."

மிஸிஸ் பெனட் மேலே பார்த்தார். உருளும் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்படியானால் அங்கே அவள் என்னதான் செய்தாள்?"

புல்லுக்குக்கூட நன்றி சொல்லத் தெரிந்த செயலாளர் வாயைத் திறந்தார்.

"காற்றை மறைத்துக்கொண்டு நின்றாள்" என்றார்.