கொளஞ்சியப்பன் பிரிண்டர் பார்க்கப் போகிறார்

பொருள் வாங்குகிறவர்களை உங்களுக்குத் தெரியும். வாங்காதவர்களையும் தெரியும். இந்த இரண்டிலும் சேராமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கிற மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் விசாரிப்பாளர். எங்கள் கள்ளக்குறிச்சியில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார்.

‘விசாரிச்சிட்டு வாங்கலாம்’ என்பதுதான் இவர்களுடைய தாரக மந்திரம். கேட்பதற்கு எவ்வளவு பொறுப்பாக இருக்கிறது பாருங்கள்! இதை எதிர்த்து யார் என்ன பேசிவிட முடியும்? விசாரிக்காமலே வாங்கலாம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பாருங்கள், உங்களை ஊதாரி என்று முடிவு கட்டிவிடுவார்கள். நீங்கள் ஆசையாக ஒரு மிக்ஸி வாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த நிமிடத்தில், வாசலில் செருப்பை விட்டுக்கொண்டே, “அடடே, இதயா வாங்கினீங்க? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே” என்று சொல்கிறவர் யார்? அவரேதான். அதே மிக்ஸியை வாங்கி, அது ஆறே மாதத்தில் கெட்டுப்போன ஒரு நண்பர் அவருக்கு எப்போதும் இருப்பார். ஃபிரிட்ஜ் கெட்டுப்போன நண்பர், ஃபேன் கெட்டுப்போன நண்பர், தண்ணீர் மோட்டார் கெட்டுப்போன நண்பர் எல்லாம் தனித்தனி. இத்தனை துரதிர்ஷ்டசாலிகளும் எப்படி ஒரே மனிதரோடு சிநேகமானார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்த இனத்தின் முழு வளர்ச்சியை நீங்கள் காண வேண்டுமானால், அவர் வீட்டுக்குப் பிரிண்டர் வாங்கும் சமயத்தில் காண வேண்டும். ஃபிரிட்ஜில் விசாரிக்க என்ன இருக்கிறது? கதவு மூடுகிறதா, உள்ளே குளிர்கிறதா, தீர்ந்தது. பிரிண்டர் அப்படியா? மையை ஊற்றுவதா, தூளை நிரப்புவதா, கலரா, கருப்பா, நாலு நாள் சும்மா இருந்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளுமா, கரண்டு போய்ப் போய் வந்தால் தாங்குமா, தாளை ஒன்றொன்றாக இழுக்குமா, கொத்தாக விழுங்குமா, கெட்டுப்போனால் பார்க்கிற ஆள் உள்ளூரிலேயே இருக்கிறானா, சேலத்திலிருந்து வர வேண்டுமா. விசாரிப்பாளருக்கு இது திருவிழா.

நம் கொளஞ்சியப்பனைப் பார்ப்போம். விதைக்கடை ஒன்றில் வேலை. நல்ல மனிதர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர். தீங்கு செய்ய வேண்டுமென்றால்கூட எப்படிச் செய்வதென்று பத்துப் பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் செய்வார். அவர் மனைவி ஜெயசுதா கணக்கு டீச்சர். தனியார் பள்ளி வேலையை விட்டுவிட்டு, கூடத்தின் மூலையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், குறுக்கே ஒரு திரைச்சீலை என்று சின்ன ஆபீஸ் வைத்து, டியூஷன் சென்டர்களுக்குக் கேள்வித்தாள் தயாரித்துக் கொடுக்கிறார்.

அவருக்குத் தியாகதுருகத்திலிருந்து ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. அங்கே டியூஷன் சென்டர் நடத்தும் தமிழரசன் நேரிலேயே வந்து சொன்னார்.

“டீச்சர், பத்தாவது புள்ளைங்களுக்கு வாராவாரம் பரீட்ச வெக்கப் போறேன். வருஷம் பூரா தாள் நீங்கதான் போட்டுக் குடுக்கணும். ஆனா ஒண்ணுங்க. ஜெராக்ஸ் கடப் பக்கம் போவக் கூடாது. அங்க ஒருத்தன் கண்ணுல பட்டா ஊரு பூரா போயிடும். வூட்டுலயே பிரிண்ட் போட்டு, கவர ஒட்டிக் குடுத்துடுங்க.”

ஜெயசுதாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எதை நம்பிப் பள்ளி வேலையை விட்டாரோ, அது வாசலுக்கே வந்துவிட்டது. முதல் தாளை உட்கார்ந்து தயாரித்து முடித்துவிட்டு, கணவரிடம், “ஏங்க, ஒரு பிரிண்டர் வாங்கிடலாங்க” என்றார்.

கொளஞ்சியப்பன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“வாங்கலாம். விசாரிச்சிட்டு வாங்கலாம்.”

கொளஞ்சியப்பனுடைய அப்பா கச்சிராயபாளையத்துப் பக்கம் கரும்பும் நெல்லும் வைத்த விவசாயி. மாடு பிடிப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. விற்பவர் பேச்சைக் காதில் வாங்கமாட்டார். அதே பசு ஈன்ற இன்னொரு மாடு யார் வீட்டில் நிற்கிறதென்று தேடிப் போய், வீட்டுக்காரரிடம் கேட்டு, அதை ஏரில் பூட்டி, இருப்பதிலேயே இறுகிக் கிடக்கிற மண்ணில் இரண்டு சால் ஓட்டிப் பார்ப்பார். உழுத நிலம் அந்த வீட்டுக்காரருக்கு லாபம். இவருக்கு மாட்டின் வம்சம் தெரிந்துவிடும். மகன் இந்த முறையை அப்படியே பிரிண்டருக்குக் கொண்டுவந்தார். கடையில் விசாரித்த பிரிண்டர் எவர் வீட்டில் இருக்கிறதோ அங்கே போவது. பாரம் ஏற்றி இழுக்கவிட்டுப் பார்ப்பது.

பாரத்துக்கு ஒரு பக்கம் வேண்டுமே? “ஒரு பேஜ் குடு ஜெயா, டெஸ்ட் பண்ண” என்று கேட்டார். சமையல்கட்டில் இருந்த ஜெயசுதா, “கம்ப்யூட்டர்ல எதனா இருக்கும், எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டார். எதுவாவது என்றால் போதுமா? இறுகின மண்ணாக இருக்க வேண்டாமா? தேடினார். வட்டத்துக்குள் முக்கோணம், முக்கோணத்துக்குள் இன்னொரு வட்டம், வர்க்கமூலம், வரைபடம், எறும்பு எறும்பாக எழுத்து என்று மிகக் கடினமான ஒரு பக்கம் அகப்பட்டது. பென்டிரைவில் ஏற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

“வாங்க, உக்காருங்க” என்றேன்.

“உக்கார வரலீங்க. உங்க பிரிண்டரப் பாக்கணும்.”

பெண் பார்க்க வந்தவர்கள்கூட முதலில் காபியைக் குடிப்பார்கள். இவர் நேரே போய் அதன் முதுகில் தட்டினார், மூடியைத் திறந்தார், உள்ளே மோந்து பார்த்தார்.

“எவ்ளோ நாளா வச்சிக்கினு இருக்கீங்க? மை காயுதா? பேப்பரு மாட்டுதா? ராத்திரியில சத்தம் ஜாஸ்தியா?”

எங்கள் பிரிண்டர் ராத்திரியில் தூங்கிவிடும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பென்டிரைவைச் செருகித் தம் பக்கத்தை அடித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கோடு உடைகிறதா என்று பார்த்தார். விரலில் எச்சில் தொட்டு, மை கலைகிறதா என்று தேய்த்தார். பிறகு இன்னொரு பிரதியும் அடித்துப் பார்த்துவிட்டு இரண்டையும் மேஜைமேல் மரியாதையாக வைத்தார்.

“எடுத்துக்கினு போங்களேன்” என்றேன்.

“ஐயய்யோ, உங்க மை, உங்க பேப்பரு. நான் எடுத்துக்கினு போனா நல்லாவா இருக்கும்?”

எவ்வளவு பண்பு! உழுத நிலம் வீட்டுக்காரருக்கு. என் மனைவி அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பார்த்தார்.

இப்படியே ஊர் சுற்றினார். விதைக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் விதையை நிறுத்துக் கொடுத்துக்கொண்டே, “உங்க வூட்டுல பிரிண்டர் இருக்குதா?” என்று கேட்டார். தியாகதுருகத்தில் யாரோ வக்கீல் குமாஸ்தா வீடு, கச்சிராயபாளையத்தில் கரும்பு மேஸ்திரி வீடு என்று எதுவும் பாக்கியில்லை. மேட்டில் ஏறினால் எஞ்சின் திணறுகிறதா என்று லாரிக்காரர்கள் பார்ப்பதைப்போல, மலைக் காற்றைப் பிரிண்டர் தாங்குகிறதா என்று பார்க்கக் கல்வராயன் மலைக்கே பஸ் ஏறினார். வெள்ளிமலையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பொன்னுரங்கம் அவருடைய வாடிக்கையாளர்.

“இங்க பனி எறங்கினா பேப்பரு நமுத்துப் போயிடும். ரெண்டு ரெண்டா இழுக்கும். நீங்க சமவெளியில கீறவரு, உங்களுக்கு இன்னாத்துக்குங்க இந்தக் கவல?” என்றார் பொன்னுரங்கம்.

“நாளைக்கே எங்க ஊர்ல பனி எறங்கினா?”

சித்திரை வெயிலில் தார் உருகுகிற ஊரிலிருந்து வந்த மனிதர் இதைக் கேட்டார். அங்கேயும் அந்தப் பக்கத்தை அடித்துப் பார்த்து, அங்கேயே மரியாதையாக விட்டுவிட்டு இறங்கினார்.

வீட்டில் ஜெயசுதா நாளை எண்ணிக்கொண்டிருந்தார். “இன்னாங்க ஆச்சு?” என்றால், “ரெண்டுல வந்து நிக்குது” என்பார். அடுத்த நாள் அது நாலாகியிருக்கும். விசாரிப்பாளர் கணக்கில் விசாரிக்க விசாரிக்கப் பட்டியல் நீளுமே தவிரக் குறையாது.

முதல் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பக்கத்துத் தெரு இசைவாணி வந்தார். அவர் மகள் அபிநயா தமிழரசனிடம் படிக்கிறவள்.

“அக்கா, உங்க வூட்டுக்காரரு எங்க வூட்டுல பிரிண்ட் போட்டுட்டுப் போனாரே ஒரு கணக்குப் பேப்பரு, அத நம்ம அபிநயா ரெண்டு வாட்டி போட்டுப் பாத்துட்டா. அந்த வட்டத்துக்குள்ள முக்கோணம் மட்டும் வரலயாம். கொஞ்சம் சொல்லிக் குடுக்குறீங்களா?”

ஜெயசுதா ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் பார்த்தார், வட்டத்துக்குள் முக்கோணம் இருந்தது தமிழரசனுக்குப் போட்ட முதல் தாளில். ஜெராக்ஸ் கடைக்காரன் கண்ணில்கூடப் படக் கூடாத தாள், வெள்ளிமலை முதல் தியாகதுருகம் வரை மாவட்டம் முழுக்க மேஜை மேஜையாகக் கிடக்கிறது. அதுவும் வீட்டுக்காரர் கையாலேயே.

அறையிலிருந்து எட்டிப் பார்த்த கொளஞ்சியப்பன் இசைவாணியிடம் ஆவலோடு ஒரு கேள்வி கேட்டார்.

“அந்தப் பேப்பர்ல கோடு ஒடையாமதான இருக்குது இன்னும்? மை மங்கலியே?”

அன்று அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. தெருவே கேட்டது, போதும்.

மறுநாள் காலையில் ஜெயசுதா தமிழரசனுக்குப் போன் செய்து, மழுப்பாமல் உள்ளதைச் சொன்னார்.

“இன்னா டீச்சர் இது? செரி, வேற தாள் சாயங்காலத்துக்குள்ள என் கைக்கு வந்துடணும். வரலன்னா கோச்சிக்காதீங்க, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்.”

உச்சிவேளைக்குள் புதுத் தாள் தயார். ஆனால் அடிக்கப் பிரிண்டர்? கொளஞ்சியப்பனோ, செய்த தப்புக்குப் பரிகாரமாக இன்றைக்கே முடிவெடுத்துவிடுவதென்று சபதம் செய்து, முடிவெடுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒன்றே ஒன்றைப் பார்த்துவிட ரிஷிவந்தியத்துக்குப் போயிருந்தார். ஜெயசுதா செருப்பை மாட்டிக்கொண்டு துருகம் சாலைக் கடைக்கு நடந்தார். கடை நடத்துவது அமிர்தம் என்கிற அம்மாள்.

“கருப்பு மட்டும் போதும். கோடு தெளிவா விழணும். கெட்டா பாக்குறதுக்கு இந்த ஊர்லயே ஆளு இருக்கணும். எதுங்க?”

அமிர்தம் ஒன்றைக் காட்டினார்.

“கட்டிக் குடுங்க.”

“வேற மாடல் எதனா பாக்குறீங்களா?”

“வேணாங்க. எங்க வூட்டுல பாக்குறதுக்குத் தனியா ஒருத்தரு இருக்காரு.”

அமிர்தம் நிமிர்ந்து பார்த்தார். “விதக்கட கொளஞ்சியப்பன் சாரு வூட்டம்மாவா? அவரு வந்தா நாங்க டீ சொல்லிட்டு எங்க வேலயப் பாத்துக்கினு இருப்போங்க. கேட்டு முடிச்சிட்டு அவரே போயிடுவாரு.”

ஆட்டோவில் பிரிண்டர் வீட்டுக்கு வந்தது. வந்த வேகத்தில் அடித்தது. பொழுது சாய்வதற்குள் ஒட்டிய கவர் தமிழரசன் கையில் இருந்தது. பரீட்சை நடந்தது, டீச்சர் வேலை தப்பியது. பழைய தாளை உருப்போட்டு வந்த பிள்ளைகள் மட்டும் டீச்சரை மனசுக்குள் திட்டியிருப்பார்கள்.

பிரிண்டர் வந்த அன்று சாயங்காலம் ரிஷிவந்தியத்திலிருந்து திரும்பிய கொளஞ்சியப்பன் மேஜைமேல் பார்த்தார். முதுகில் தட்டினார். மூடியைத் திறந்து மோந்தார். குனிந்து மாடல் நம்பரைப் படித்தார். நீண்ட நேரம் கழித்து நிமிர்ந்து, “இதத்தான் நானே சொல்லலாம்னு வந்தேன்” என்றார்.

இன்று ஊரில் யாரைக் கேட்டாலும் அது ‘கொளஞ்சியப்பன் மாசக்கணக்கா அலைஞ்சு வாங்கின பிரிண்டர்’. அப்படிப்பட்ட பிரிண்டர் சோடை போகுமா? அதைப் பார்க்கத் தினமும் ஆள் வருகிறது. தட்டிப் பார்க்கிறார்கள், தங்கள் பக்கத்தை அடித்துப் பார்க்கிறார்கள், மை காயுமா என்று கேட்கிறார்கள். கொளஞ்சியப்பன் பூரிப்போடு பதில் சொல்கிறார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஜெயசுதா பல்லைக் கடித்துக்கொண்டு கேள்வித்தாள் தயாரிக்கிறார்.

என்ன, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். ஜெயசுதா கடைக்குள் நுழைந்ததிலிருந்து, ‘அது சரி, அந்த அம்மாள் எந்தப் பிரிண்டரைத்தான் வாங்கினார்?’ என்று உங்களுக்குள் ஒன்று முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது அல்லவா? இத்தனை எழுதியவர் அந்தப் பேரை மட்டும் ஏன் எழுதவில்லை என்று கொஞ்சம் கோபம்கூட வருகிறது. வீட்டில் ஏற்கெனவே நன்றாக ஓடுகிற பிரிண்டர் இருந்தால்கூட, சும்மா தெரிந்துகொள்ளலாமே என்றுதான் தோன்றுகிறது, இல்லையா?

பரவாயில்லை, நேரிலேயே வந்து பாருங்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி விதைக்கடை கொளஞ்சியப்பன் வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். அடித்துப் பார்க்க ஒரு பக்கமும் கொண்டுவரலாம், அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டார். போகும்போது மட்டும் அதை ஞாபகமாகக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ஜெயசுதா இதை எழுதிப் பிரிண்டர்மேல் ஒட்டியே வைத்திருக்கிறார்.