கூடாரத்துக்குத் தாழ்ப்பாள் கேட்டவர்களும் என் அக்காவும்

குரோம்பேட்டை,
சனிக்கிழமை மதியம்.

கர்த்தருக்குள் அன்பான ஹில்டா அக்காவுக்கு, தம்பி ஜெஃப்ரி எழுதிக்கொள்வது. அவர் கிருபையால் நான் சுகம், கத்திக் கத்தித் தொண்டைதான் போய்விட்டது. நீயும் தனசிங் அத்தானும் மேடவாக்கத்தில் சுகமென்று உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்துக்கொண்டேன். வாய்ஸ் நோட் அனுப்பினால் "அப்புறம் கேக்குறேன்டா" என்று கேட்காமலே விட்டுவிடுகிறாய். அதனால் பேப்பரில் எழுதி, உன் மகள் ஜெரூஷா பையிலேயே வைத்து அனுப்புகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளி ஏழாம் வகுப்பை ஏலகிரிக்குக் கூடார முகாமுக்கு அழைத்துப்போகிறது. மெக்கானிக்கல் படித்துவிட்டு ரோபாட்டிக்ஸ் சொல்லிக்கொடுக்க வந்த என் தலையில் அதைக் கட்டிவிட்டார்கள். பிள்ளைகள் தங்கள் வேலையைத் தாங்களே செய்யணும், அவ்வளவுதான் நோக்கம். ஆனால் நீ ஜெரூஷாவை அனுப்ப மாட்டேன் என்றாயாம். அது தெரிந்ததிலிருந்து ஒரு பெற்றோரும் கையெழுத்துப் போடவில்லை. "சாரோட சொந்த அக்காவே அனுப்பலையாம், நமக்கென்ன வந்துச்சு" என்று கேட் வாசலிலேயே பேச்சு. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் முகாம் கேன்சல் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். உன்னால், அக்கா, உன் ஒருத்தியால்!

இன்று காலை பெற்றோரையும் வரவழைத்து கிரவுண்டில் ஒத்திகை வைத்தேன். நீ வரவேயில்லை. பிள்ளை தானே தூக்குகிற ஒரே பை போதும் என்று மூன்று முறை மெசேஜ் போட்டிருந்தேன். குமரேசன் என்று ஒரு அப்பா, ஐ.டி.காரர், சக்கரம் வைத்த சூட்கேஸோடு கேன் தண்ணியும் தூக்கி வந்தார். "என் பையனுக்கு வேற தண்ணி ஒத்துக்காது சார். அந்த மலைத் தண்ணில உப்பு, டிடிஎஸ் எவ்வளவு?" உங்கள் வீட்டுக்கு வரும் டேங்கர் லாரிக்காரனிடம் என்றைக்காவது அதைக் கேட்டீர்களா என்றேன். அடுத்த நிமிஷம் காதருகே வந்து, "அது கிடக்கட்டும் சார், நாங்க நாலு அப்பாங்க பஸ் பின்னாடியே கார்ல வர்றோம். பசங்க கண்ணுல பட மாட்டோம்" என்கிறார். வேவு பார்க்கவா சார் பிள்ளை பெற்றீர்கள் என்று எல்லார் எதிரிலும் கேட்டேன். தப்பா?

அந்தப் பக்கம் கோவளத்திலிருந்து கொண்டுவந்த மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு நேராக வந்த பொன்னியம்மாள், வகுப்புப் பிள்ளை அஞ்சலியின் அம்மா, கூடாரத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, "இன்னா சார், தாப்பா எங்க கீது?" என்று கேட்டு மடியிலிருந்து ஒரு திண்டுக்கல் பூட்டை எடுத்தார். ஜிப்தான் அம்மா கதவு என்றேன். "ஜிப்பு போட்ட வூட்ல பொம்பளப் புள்ளைங்கள வுட்டுட்டு நான் நிம்மதியா மீன் விக்கணுமா?"

கயிறு நாற்பத்தைந்து டிகிரியில் இழுபடணும், ரெண்டு வாரமாகப் படம் வரைந்து சொல்கிறேன், ஒரு பிள்ளைக்காவது வரணுமே! ஜெரூஷா கட்டியதே நாற்பதுதான் இருக்கும். எல்லாக் கூடாரத்தையும் அவிழ்த்தேன், பிள்ளைகளைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு நானே ஒவ்வொன்றாகக் கட்டினேன். பைகளையும் தப்பாக அடுக்கியிருந்தார்கள், கொட்டி நானே அடுக்கினேன். வீட்டில் எல்லாவற்றையும் நீங்களே செய்து கொடுத்தால் பிள்ளைகள் எப்போதுதான் கற்றுக்கொள்வது?

கயிறுகளை இன்னும் இறுக்கி முடிக்கவில்லை, அந்த நேரம் பார்த்துத்தான் பாஸ்டர் ஐயா முகாமுக்காக ஜெபிக்க வந்தார். மீனம்பாக்கத்தில் இறங்குகிற ஒவ்வொரு விமானத்துக்கும் ஜெபத்தை நிறுத்தி, சத்தம் போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பிள்ளைகள் பாவம், கம்பை விடாமல் நின்றார்கள். கடைசியில், "எல்லாரும் இரண்டு கைகளையும் உயர்த்தி ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்றார். கீழ்ப்படிகிற பிள்ளைகள் ஆயிற்றே, உயர்த்தினார்கள். வரிசையாக அத்தனை கூடாரமும் படுத்துவிட்டது. பாஸ்டர் ஐயாவைக் காணோம். துணிக்கு அடியிலிருந்து "ஆமென்" மட்டும் கேட்டது.

"சாமி கும்புட்டதுக்கே வூடு வுழுந்துச்சு, காத்தடிச்சா இன்னா சார் ஆவும்?" என்றார் பொன்னியம்மாள். மொத்தக் கூட்டமும் கலைந்து போய்விட்டது.

அக்கா, நீ ஒரு கையெழுத்துப் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள். பிள்ளையைப் பிடித்த கையைக் கொஞ்சம் விடு. அத்தானுக்கு என் ஸ்தோத்திரம். கர்த்தர் உன்னைக் காத்து, சீக்கிரமே உன் கையில் ஒரு பேனாவையும் தந்தருள்வாராக.

இப்படிக்கு,
கோபம் தீராத தம்பி
ஜெஃப்ரி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ஜெரூஷா பிடுங்கிப் படித்துவிட்டாள். "அம்மா எப்பவோ சரின்னுட்டாங்க மாமா. போக மாட்டேன்னது நான்தான். அம்மாவையே மாட்டேன்னு சொல்லச் சொன்னதும் நான்தான்." ஏன்டி என்றேன். "நாங்க என்ன கட்டினாலும் நீங்க அவிழ்க்கிறீங்க. நீங்க அவிழ்க்கிற வரைக்கும் என் டென்ட் நல்லாத்தானே நின்னுச்சு? நீங்க வரலன்னா நான் வர்றேன். எங்க கிளாஸே வரும்." பக்கத்தில் நின்ற பி.டி. அருள்மேரி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அதனால் நான் போகவில்லை, டீச்சர் பார்த்துக்கொள்வார். நீ கையெழுத்துப் போடு. இந்தக் கடிதம் அவள் பையில் வராது, கூரியரில் வருகிறது. அத்தானிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல், முகாம் நாட்களில் அவர் கார் சும்மாதானே நிற்கும்? குமரேசன் சாரிடம் கேட்டுப் பார்த்தேன், அவர் காரில் நாலு அப்பாக்களுக்கே இடம் பத்தவில்லையாம்.