நிலநடுக்கத்தை விளக்குகிறவர்

நிலம் நடுங்கினால் ஓடுகிறவர்கள் ஒரு வகை. ஓடி வந்து மூச்சு வாங்குகிறவர்களைப் பிடித்து நிறுத்தி, ஏன் ஓடினார்கள் என்று அவர்களுக்கே விளக்குகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையில் நானும் நீங்களும் இருக்கிறோம், அதில் ஒரு வெட்கமும் இல்லை. இரண்டாம் வகை ஆசாமி கட்டடத்துக்கு ஒருவர் வீதம் தானாகவே அமைந்துவிடுகிறார். அவரை யாரும் நியமிப்பதில்லை, யாரும் கூப்பிடுவதில்லை, கேள்வி கேட்பது கூட இல்லை. ஆனாலும் பதில் வந்துவிடும்.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில் முதல் மாடியில் குடியிருந்தார். தண்ணீர் மோட்டார் விற்கும் கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் கட்டடத்தில் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘ரிக்டர்’ என்று கேட்டால் வாசல் காவலாளியே படியேறி வந்து கதவைக் காட்டிவிட்டு, தன்னையும் பிடித்துக்கொள்வாரோ என்று வேகமாக இறங்கிவிடுவார்.

அன்று காலையில் நிலம் லேசாக அதிர்ந்தபோது ரிக்டர் குளித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன, மேல்மாடிக்காரர்கள் தடதடவென்று படியிறங்கினார்கள், அவர் மனைவி குளியலறைக் கதவைப் படபடவென்று தட்டி, “ஏங்க, சீக்கிரம் வாங்க, கட்டடமே ஆடுது” என்று பதறினார். “சோப்பு போட்டிருக்கேன், இரு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கட்டடம் காலியாகிவிட்டது. அந்த அம்மாள் மட்டும் போகவில்லை. கணவரை விட்டுவிட்டுத் தனியாக ஓட மனம் வராமல், கதவோரமாகவே நின்றிருந்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு தலையைத் துவட்டியபடி கீழே வந்த ரிக்டர், வண்டி நிறுத்துகிற இடத்தில் கூடி நின்ற ஜனங்களைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

“நான் அப்பவே உணர்ந்தேன். வாளித் தண்ணி வட்டம் வட்டமா அலையடிச்சுது.”

அந்த அம்மாள் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவருக்கு அன்று வேறு கவலை.

வெளியூரில் அவருடைய அக்கா ஒரு மாணவியர் விடுதி நடத்துகிறார். சமையலறையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். “நீயே வந்துடுடீ, என்னோடயே இருந்துடு” என்று கூப்பிட்டிருந்தார். அன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். போக ஆசையா என்றால், பாதி ஆசை. கணவர் ஒரு வார்த்தை ‘போகாதே’ என்றால் அந்தப் பாதியும் அடங்கிவிடும். ‘போயேன்’ என்றாலும் சரிதான். ஏதாவது ஒன்று சொல்லவேண்டும். அதற்கு முதலில் காது கொடுக்கவேண்டும், அங்கேதான் சிக்கல். கல்யாணமான நாளிலிருந்து அவர் கிரகணத்தை விளக்கியிருக்கிறார், குக்கர் ஏன் விசிலடிக்கிறது என்று விளக்கியிருக்கிறார், மனைவிக்கு வந்த தலைவலியை மனைவிக்கே விளக்கியிருக்கிறார். உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டதாக மட்டும் அந்த அம்மாளுக்கு எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

கீழே ஒரு சுற்று முடிந்ததும், தப்பிக்கத் தெரியாத இருவரை ரிக்டர் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். ஒருவர் இரண்டாம் மாடிப் பல் மருத்துவர். பாவம், மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிற மனிதர், இங்கே தன் வாயைத் திறக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா.

“அதாவது, பூமிங்கறது ஒரே கல்லு கிடையாது” என்று ரிக்டர் ஆரம்பித்தார். “பெரிய பெரிய பாறைத் தட்டுங்க. ஒண்ணை ஒண்ணு நெருக்கிக்கிட்டே இருக்கும். மேல பார்த்தா ஒரு அசைவும் தெரியாது, எல்லாம் நல்லாத்தான் இருக்கற மாதிரி இருக்கும். உள்ளுக்குள்ள இறுகிட்டே போகும். வருஷக்கணக்கா. ஒரு நாள் தாங்கமுடியாம படக்குனு நழுவும். அந்த இடத்துலேர்ந்துதான் நாலா பக்கமும் அதிர்வு கிளம்புது.”

“முன்கூட்டியே ஒண்ணும் தெரியாதா?” என்றார் மருத்துவர், மரியாதைக்கு.

“சில சமயம் சின்னச் சின்னதா ஆடிக் காட்டும். யாரு கண்டுக்கறா?”

“ஏங்க” என்றார் மனைவி, காபி டம்ளர்களை வைத்துவிட்டு. “அக்காவுக்கு இன்னிக்குப் பதில் சொல்லணும்...”

“இரும்மா. முக்கியமான இடத்துக்கு வந்திருக்கேன்.”

முக்கியமான இடம் ஜன்னல் திரை. அதைத் தாங்கியிருந்த ஸ்பிரிங் கம்பியை ரிக்டர் ஒரே இழுப்பில் கழற்றினார், திரை பொத்தென்று தரையில் விழுந்தது. எதிர் வீட்டுக்காரர்கள் பார்க்கும்படி வீடு பப்பரப்பா என்று திறந்து கிடந்தது. கம்பியின் ஒரு முனையை மனைவியின் கையில் திணித்துவிட்டு, மறு முனையைத் தான் பிடித்துக்கொண்டார்.

“இப்ப நான்தான் பூமிக்கடியில நழுவின இடம். அவ தூரத்துல இருக்கற ஊரு. முதல் அலை வேகமா வரும், தள்ளும், இழுக்கும், அவ்வளவுதான். ரெண்டாவது அலை பின்னாடி வரும், குறுக்கால ஆட்டும். அது இன்னும் பலமா இருக்கும்.” ஆட்டினார்.

கம்பி நெளிந்து நெளிந்து போய் அந்த அம்மாளின் கையைக் குலுக்கியது. விடிந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போது வாயில் வந்துவிட்டது.

“நான் அக்காகிட்டயே போயிடலாம்னு இருக்கேங்க. ஒரேயடியா.”

“பார்த்தீங்களா டாக்டர்” என்றார் ரிக்டர் குதூகலமாக, “அந்தக் கடைசி வரைக்கும் அதிர்வு போகுது. அவ கை எப்படி நடுங்குது பாருங்க.”

கை நடுங்கியது உண்மைதான். கம்பி அப்போது ஆடவில்லை. மருத்துவர் தரையைப் பார்த்தார். தையல்கார அம்மா, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டு எழுந்தார். ஆசை பாதியாக இருந்தது முழுசாக ஆனது அந்த நிமிஷத்தில்தான் என்று அந்த அம்மாள் பிற்பாடு அக்காவிடம் சொன்னார். கோபம் கூட வரவில்லையாம். அப்பாடா என்றுதான் இருந்ததாம்.

மதியம் பெட்டியோடு படியிறங்கினார். கீழே அடுத்த வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பெட்டியின் சக்கரங்கள் கடகடவென்று சிமெண்டுத் தரையில் உருண்டு வந்தன. ரிக்டரின் முகம் மலர்ந்தது.

“கொஞ்சம் மெதுவா இழும்மா. எல்லாரும் காலைக் கவனிங்க. தரையில லேசா அதிருதா? இதுதான் மூணாவது அலை. தரை மேலயே பரவிப் போகும். மெதுவாத்தான் போகும், ஆனா வீட்டைச் சாய்க்கறது பெரும்பாலும் இதுதான்.”

கூட்டம் பெட்டியைப் பார்த்தது, அந்த அம்மாளைப் பார்த்தது, பிறகு ரிக்டரைப் பார்த்தது. ரிக்டர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஒரு விநாடி நின்றார். மனுஷன் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால் போதும் என்று அப்போதும் தோன்றியதாம். அவர் நிமிரவில்லை. ஆட்டோ வந்து நின்றது, ஏறிக்கொண்டார்.

செய்தி பரவியது. காவலாளிக்குத் தெரிந்தது, மூலை மருந்துக் கடைக்குத் தெரிந்தது, மாவு மில்லுக்குத் தெரிந்தது. நிலநடுக்கம் தூரம் போகப் போக வலுவிழக்கும் என்பார்கள். இது மருந்துக் கடையில் சண்டையாகவும், மாவு மில்லில் விவாகரத்தாகவும், பேருந்து நிறுத்தத்தில் இரண்டாம் கல்யாணமாகவும் வளர்ந்தது. தெரியாத ஒரே ஆள் அது கிளம்பிய வீட்டுக்காரர்.

விளக்குப் போடுகிற நேரத்துக்குப் பசித்தது. சமையலறைக்குப் போனார். அடுப்பு சில்லென்று இருந்தது. போனை எடுத்தார்.

“எங்க இருக்க?”

“அக்கா வீட்டுல.”

“எப்ப வருவ?”

“வரலைங்க.”

“ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்றார். குரல் கம்மியிருந்தது. அந்த அம்மாளுக்கு மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது.

“சொன்னேங்க. நீங்க காதுல வாங்கல.”

“அது என்னன்னா” என்றார் ரிக்டர், “மனுஷன் காது எப்படின்னா, ஒரு விஷயத்துல கவனமா இருக்கும்போது மத்த சத்தத்தை எல்லாம்...”

அந்த அம்மாள் போனை வைத்தார். சற்று நேரம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பசியோடு தட்டு ஏந்தி நின்ற பெண்களுக்குப் பரிமாறப் போனார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் மாமனார் அச்சு அசல் ரிக்டர் என்கிறீர்கள், ஆபீஸ் மேனேஜர் அவருக்கும் மேலே என்கிறீர்கள், சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது நடுவில் யாரோ உங்கள் அருகே வந்து ஏதோ சொன்னார்கள். நீங்களும் தலையை நிமிர்த்தாமல் ‘ம்’ என்றீர்கள். அவர்கள் என்ன சொன்னார்கள்?