ஆக்சிலின் மேல் மூடி பற்றி மைத்துனருக்கு

அன்பு மைத்துனருக்கு,

இங்கே உன் அக்காவும் நானும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவனை வம்பில் மாட்டிவிட்டு ஒதுங்கியவர்கள் எல்லோரும் நலமாகத்தான் இருக்கிறார்கள்.

போன மாதம் உன் பழைய ஜீப்பை என் தலையில் கட்டியபோது என்ன சொன்னாய்? "அத்தான், காடு மேடெல்லாம் ஏறும். பின் ஆக்சிலுக்கு மட்டும் கியர் ஆயில் மாத்திடுங்க. கீழ் மூடியைத் திறந்தா பழசு வடிஞ்சிடும், மேல் மூடியைத் திறந்து புதுசை ஊத்துங்க. அரைமணி நேர வேலை." முப்பத்திரண்டு வருஷம் புவியியல் நடத்தியவன் நான். மலைகளின் உயரமெல்லாம் மனப்பாடம், ஆனால் ஒரு மலையிலும் ஏறியதில்லை. அந்த ஆசைதான் என்னைக் கெடுத்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஷெட்டில் பாயைப் போட்டேன். வண்டியின் பின்புறம் சுவரை ஒட்டி நின்றதால் முன்பக்கமாகத்தான் ஊர்ந்து போக முடிந்தது. கீழ் மூடி சமர்த்தாகத் திறந்துகொண்டது. உன் அக்கா கேக் சுடும் தட்டில் எண்ணெயைப் பிடித்தேன். தட்டு நிறைந்தது, எண்ணெய் நிற்கவில்லை, கையால் பொத்தப் போனதில் அது சட்டைக் கைவழியாக அக்குள் வரை வந்து சேர்ந்தது. அந்த நாற்றத்தை நீ முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா? ஒரு கூடை முட்டை அழுகினாலும் அப்படி நாறாது. கேஸ் கசிகிறது என்று எதிர்வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிட்டார். கேஸ் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் கருவியோடு வந்து அடுப்பை மோந்து பார்த்தார்கள், குழாயை மோந்து பார்த்தார்கள், கடைசியில் என்னை மோந்து பார்த்துவிட்டுக் கருவியை மூடி எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு மேல் மூடி. அது ஆக்சிலுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. மேலாகக் கையை வளைத்துப் போட்டு, ஸ்பேனரைத் தடவி மாட்டித் திருகினேன். அசையவில்லை. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வந்து, "லேசா ஆடுதான்னு பாருங்க சார், ஆடினா எடுத்துடலாம்" என்றார். ஸ்பேனரில் நீளக் குழாய் ஒன்றை மாட்டி, அவரும் என் பக்கத்தில் படுத்து, இருவருமாக இழுத்தோம். மூன்று நாள் இழுத்தோம். இழுக்க இழுக்க இறுகுகிறதே தவிர இளகவில்லை. மெக்கானிக்குக்குப் போன் செய்தால், "மேல் மூடி திறக்குதான்னு பார்க்காம கீழ் மூடியை யாராவது திறப்பாங்களா சார்? ஆயில் இல்லாம ஓட்டிடாதீங்க, உள்ளே கியர் பல்லெல்லாம் போயிடும்" என்கிறான். பல் என்றதும் டாக்டர் முகம் வாடிவிட்டது.

உன் அக்கா கெடு வைத்துவிட்டாள். "சனிக்கிழமைக்குள்ள இது ஓடலைன்னா தம்பி வந்து எடுத்துட்டுப் போகட்டும்." இன்று வெள்ளி; தபாலை நம்பாமல் இதை ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன். ஆகவே நாளைக் காலை கயிறோடு வந்து உன் வண்டியை இழுத்துக்கொண்டு போ. அந்த மூடியை எந்த ராட்சசனை வைத்து இறுக்கினாய் என்பதையும் நேரில் சொல்லிவிட்டுப் போ. எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அறுபத்து மூன்று வயதில் ஒரு மலையைப் பக்கத்தில் பார்க்கலாம் என்று இருந்தேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். உனக்கு வண்டி போனபிறகு யோசிக்கலாம்.

இப்படிக்கு,
உன்னை நம்பிக் கெட்ட அத்தான்

பின்குறிப்பு: வர வேண்டாம். உறையை ஒட்டப் போகும் நேரத்தில், தரையில் கொட்டிய எண்ணெயைத் துடைக்க வேண்டும் என்று உன் அக்கா வண்டியை நாலடி முன்னே தள்ளச் சொன்னாள். பின்பக்கம் போய்க் குனிந்தவள் மேல் மூடியை நேருக்கு நேர் பார்த்தாள். மாட்டியிருந்த ஸ்பேனரைப் பார்த்தாள். குழாயில் காலை வைத்து மறுபக்கமாக ஒரு மிதி மிதித்தாள். கழன்றுவிட்டது. ஆக்சிலுக்கு முன்பக்கமிருந்து கையை விட்டுத் திருகினால் திசை மாறிவிடும் என்று எனக்கும் தோன்றவில்லை, டாக்டருக்கும் தோன்றவில்லை. கீழ் மூடியை மாட்டிவிட்டுப் புது எண்ணெயையும் அவளே ஊற்றினாள். தெருவை இரண்டு சுற்று சுற்றியும் வந்துவிட்டாள். நாளை மலைக்கு அவள்தான் ஓட்டுகிறாளாம், எனக்குப் பின் சீட்.

ஒரே ஒரு விஷயம். "இதை யாருங்க இப்படித் தப்புப் பக்கமாப் போட்டு இறுக்கினது?" என்று கேட்டாள். உன் பெயரைச் சொல்லிவிட்டேன். இன்று போன் செய்வாள். தயவுசெய்து ஒப்புக்கொள்.